கிளட்ச் சத்தமும் ஜெபாவின் கல்யாணமும்

காரில் ஏதாவது சத்தம் கேட்டால் பேசாமல் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறவர்கள் பாக்கியவான்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது என்ன சத்தம் என்று எனக்கே தெரிந்தாக வேண்டும். இந்தக் குணத்தை என் தங்கை ஜெபாவின் கல்யாணத்தன்று இரண்டு குடும்பங்களும் சேர்ந்து பார்த்தன.

துபாயிலிருந்து லீவில் வந்து ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். கல்யாணப் பெண் அதில்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தவனும் நான்தான். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் 'கிரீச்' என்றது. ஒரு வாரமாக ராத்தூக்கம் கெட்டு யூடியூபில் கிளட்ச் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். (வயிற்றுவலிக்கு இணையத்தில் வைத்தியம் தேடுகிறவனின் நிலைமை.)

குலசேகரம் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது சத்தம் கூடியது. ஓரமாக நிறுத்தினேன்.

"எதுக்குலே நிறுத்துன?" என்றாள் பின்சீட்டிலிருந்த மாமி, அப்பாவின் அக்கா.

"சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும் மாமி. ரெண்டு நிமிசம்."

"அங்க பாஸ்டர் காத்து நிக்காரு. நீ இங்க சத்தம் பாக்கியா?"

கிளட்சை மிதிக்க ஒரு ஆள் வேண்டும். மாமிக்கு முழங்கால் வலி. ஆகவே வெள்ளைப் பட்டும் தலையில் நெட் முக்காடுமாக ஜெபா டிரைவர் சீட்டில் ஏறினாள். நான் கோட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓட ஓட, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தேன்.

"மக்களே, நியூட்ரல்லயே இருக்கட்டு. நான் சொல்லும்போ சவுட்டு. ம், சவுட்டு. இப்ப விடு."

கிரீச்.

"கிளட்சுக்குள்ள இருக்க ரிலீஸ் பேரிங்தான்," என்று அறிவித்தேன். அந்த நிமிடம் நான் அடைந்த நிறைவை விசா கிடைத்த அன்றுகூட அடைந்ததில்லை. இருந்தாலும் உறுதி செய்துகொள்ள இன்னும் பலமுறை மிதிக்கச் சொன்னேன்.

அந்த வழியாக பைக்கில் போன மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் கண்ணில் என் கால் படவில்லை. கல்யாணப் பெண் ஸ்டியரிங் பிடித்திருப்பதும், எஞ்சின் உறுமுவதும்தான் பட்டது. சர்ச்சுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்: பெண் ஒரு கிழவியையும் ஏற்றிக்கொண்டு ஓடப்போகிறாள்.

அடியில் கிடந்த எனக்கு இது எப்படித் தெரியும்? ஜெபா எஞ்சினை நிறுத்தியதும் "ஏன்டி ஆஃப் பண்ணுன?" என்று கத்தினேன். பதிலுக்கு ஒரு ஆண்குரல் கேட்டது. மாப்பிள்ளை பெனட். போட்டோகிராபரோடு அவர் பைக்கிலேயே கோட்டும் சூட்டுமாக வந்திருந்தார்.

"ஜெபா, ஒனக்கு இஷ்டம் இல்லேன்னா இப்பமே சொல்லு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"இஷ்டமெல்லாம் உண்டு. அண்ணனுக்குத்தான் இந்தச் சத்தம் என்னன்னு தெரியணுமாம்."

"வாங்க மச்சான்," என்றேன் நான், அடியிலிருந்தே.

ஜெபா சும்மா ஒருமுறை மிதித்தாள். கிரீச்.

"அண்ணே, எஞ்சின் ஓடல்ல. பின்ன சுத்தாத பேரிங் எப்படிச் சத்தம் போடும்?"

நான் பார்த்த எந்த வீடியோவிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. (இருந்திருக்கும். நான்தான் பாதியில் நிறுத்தியிருப்பேன்.) யோசித்து முடிப்பதற்குள் அவள் இன்னொரு முறை மிதித்தாள். பட்டென்று கிளட்ச் கேபிள் அறுந்தது. இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்த கேபிள்தான் அத்தனை நாளும் கத்தியிருக்கிறது. பெடல் தரையோடு படுத்துவிட்டது.

பெனட் போட்டோகிராபரிடம் பைக் சாவியை வாங்கினார். ஜெபா நெட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"தாலி கெட்டுகதுக்கு முன்னயா?" என்றாள் மாமி.

"பின்ன நடந்தா போவ?" என்றாள் ஜெபா.

பைக் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. தங்கை கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன், தாலி கட்டுவதைக்கூடப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டோ கிடைத்து மாமியும் நானும் போட்டோகிராபரும் போய் இறங்கியபோது சர்ச்சில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் வராமல் தொடங்கக்கூடாது என்று ஜெபா சொல்லிவிட்டாளாம். பாஸ்டர் பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாட வைத்ததில் சபைக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

என் சட்டை கிரீசும் செம்மண்ணுமாக இருந்ததால், ஒவ்வொரு படத்துக்கும் "அண்ணன் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் போட்டோகிராபர். ஆல்பத்தில் நான் இருப்பது ஒரே படத்தில்தான். ரோட்டோரத்தில் பைக்கை நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் அவர் எடுத்தது. டிரைவர் சீட்டில் கல்யாணப் பெண், வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கறுப்பு ஷூக்கள். பெனட் அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஜெபாவின் மகள் அந்த ஷூக்களைத் தொட்டுக் காட்டி, "இதாக்கும் எங்க மாமா" என்கிறாள்.