ஜூடியின் லேத் மெஷினும் என் இரண்டு கையெழுத்தும்

ராயபுரம்,
ஆகஸ்டு 3

அன்பு அக்கா டோரதிக்கு,

தம்பி கஸ்பார் எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கு அனைவரும் நலம், என் புத்தி ஒன்றைத் தவிர. அங்கு பெரம்பூரில் மாமாவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் என் மகள் ஜூடியைப் பற்றியது. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பெண், பதினொன்றில் காமர்ஸ் சேர்ந்து பேங்கில் உட்காருவாள் என்று நான் நினைத்திருக்க, அவங்க அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தொழிற்கல்விப் பிரிவில் மெஷின் வேலை படிக்கச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பள்ளியில் அந்த வகுப்புக்கு இதுவரை ஒரு பெண்ணும் போனதில்லையாம். ஜூனில் புதிதாக வந்த தலைமையாசிரியை எழில்மொழிதான், கேட்கிற பிள்ளைக்குக் கேட்கிற பாடம் என்று சேர்த்துக்கொண்டார். அந்தக் கோபத்தில் நான் இருந்தபோது டீக்கடையில் ஒரு மனு வந்தது. அந்தம்மாவை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி சயின்ஸ் குரூப் பெற்றோர்கள் எழுதியது. தங்கள் பிள்ளைகளின் ஸ்மார்ட் போர்டை வாரத்துக்கு ரெண்டு நாள் தொழிற்கல்விப் பிள்ளைகளுக்குத் தந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நான் அந்த மனுவை எங்கே படித்துப் பார்த்தேன், கையெழுத்தைப் போட்டுவிட்டு நேரிலும் திட்டலாம் என்று பள்ளிக்கூடம் போனேன்.

பொண்ணுக்கு லேத் மெஷின் எதுக்குன்னு கேட்டேன் அக்கா. அந்தம்மா கோவப்படல. "மொதல்ல வகுப்பைப் பாத்துட்டு வாங்க, அப்புறம் திட்டுங்க"ன்னாங்க. போய்ப் பாத்தா, கக்கூஸ் பக்கத்துல தகரக் கொட்டாய், முப்பது பிள்ளைங்களுக்கு ஒரே ஃபேனு. நாலு லேத்துல ஒண்ணுதான் ஓடுது, மத்ததுமேல பழைய பரீட்சைப் பேப்பர் கட்டு. வாத்தியார் செல்வநாதன், ஃபெயிலாவுற பிள்ளைங்களைத் தள்ளி வுட்ற எடமா இதை வெச்சிருந்தாங்க, இங்க என்ன இல்லன்னாலும் கேக்க ஆளில்லன்னாரு. ஹார்பர்ல முப்பத்தோரு வருஷம் கிரேன் ரிப்பேரு பாத்த கை சும்மா இருக்குமா? பேப்பரைத் தள்ளிட்டு ஒண்ணைக் கழட்டி மாட்டினேன், ஓட ஆரம்பிச்சுது. ஜூடி என்னைத் தெரியாதவ மாதிரியே நின்னுகினு இருந்தா.

அடுத்த நாளு பெற்றோர் கூட்டம். என் பொண்ணை மாத்துங்கன்னு சொல்லத்தான் எழுந்தேன். வாயி என்னவோ, சயின்ஸ் குரூப் பிள்ளைங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு ஃபேனு, நம்ம பிள்ளைங்களுக்கு வேர்க்காதான்னு கேட்டுச்சு. கைதட்டி என்னையே கழகத் தலைவரா ஆக்கிட்டாங்க. அந்தம்மாவை மாத்தாதீங்கன்னு இன்னொரு மனு, அதுல மொதக் கையெழுத்து என்னுது.

நேத்து கல்வி ஆபீசர் விசாரிக்க வந்தாரு. ரெண்டு மனுவையும் விரிச்சு வெச்சு, இதுல ரெண்டு கஸ்பாரான்னாரு. எனக்கு வேர்த்துப் போச்சு. அந்தம்மா பக்கத்துலதான் நின்னுகினு இருந்தாங்க.

"ஒரே ஆளுதான் சார். அதைப் போடறப்ப நான் அந்த வகுப்பைப் பாக்கல. இதைப் பாத்துட்டுப் போட்டேன்"னேன்.

அவரு எழுந்து, எனக்கும் காட்டுங்கன்னு கொட்டாய்க்குள்ள போனாரு. அரை மணி கழிச்சு சட்டை நனைஞ்சு வெளிய வந்தாரு. அந்தம்மா இங்கயேதான் இருப்பாங்களாம்.

நான் எந்தப் பக்கம்னு எனக்கே பிரியல அக்கா. தலைவரா கீறதால நான் வாயத் தொறக்க முடியாது. நீதான் ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் வந்து, ஜூடிகிட்ட நல்லவிதமா பேசி, காமர்ஸுக்கு மாத்தி வுடணும்.

மாமாவுக்கு என் வணக்கம். லூர்து மாதா உங்க வூட்டைப் பாத்துக்கட்டும்.

இப்படிக்கு,
கஸ்பார்,
தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகம்

பி.கு: ஜூடிகிட்ட ஒண்ணும் பேச வேணாம். காமர்ஸுல சேந்துட்டு தெனம் அழுவுறாளே உன் பொண்ணு ஹெப்சிபா, அவ டி.சி.யை வாங்கிக்கினு வா. ஜூடி வகுப்புல ரெண்டு எடம் பாக்கி கீது, ஒண்ணுல அவ பேரை எழுதிட்டேன்.