எழுந்து நிற்பது எப்படி?

மோட்டார் படகு இழுக்க, காலில் பலகையைக் கட்டிக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்குகிறார்களே, அந்த வேக்போர்டிங்கைக் கற்றே தீருவது என்று சபதம் எடுத்தேன். காரணம், என் மனைவியின் அண்ணன்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஏரிக்குப் போறோம். மாப்ளே, நீங்க கரையில உக்காந்து எங்க செருப்பையெல்லாம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். மானஸ்தன் பொறுப்பானா?

உடனே செல்போனில் பாட வீடியோக்களைத் தேடினேன். கொட்டிக் கிடந்தன. முதலில் வந்தது, 'எழுந்து நிற்பது எப்படி?' ஒதுக்கினேன். ஒரு வயதிலேயே எழுந்து நின்றவன் நான்! நேராக அந்தரத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் வீடியோவுக்குத் தாவினேன்.

"அது வேணாங்க" என்றாள் மனைவி. "இந்த வாத்தியாரைப் பாருங்க. முகத்துலயே வித்தை தெரியுது."

"என்ன பாஷை பேசறான்? ஒண்ணும் புரியலையே!"

"கையைக் காலை ஆட்டறதை வெச்சே நான் புரிஞ்சுப்பேன். போனை இப்படிக் குடுங்க."

கொடுத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

"ஈரத்துணி மேல நின்னு ஹால் பூரா சறுக்கணுமாம்."

சறுக்கினேன்.

"சோபாவுக்கு அடியில குனிஞ்சு துடைக்கணுமாம்."

"அது எதுக்கு?"

"அப்பதான் இடுப்பு வளையுமாம். அடுத்து ஸ்டூல்ல ஏறிக் கையைத் தூக்கணும். சும்மா இல்லை, ஃபேனைத் துடைச்சுக்கிட்டே."

"அவங்க ஊர் ஃபேன்லயும் தூசியா?"

"பேசினா மூச்சு வாங்கும்ங்கறார்."

வாரம் முழுக்கப் பயிற்சி. வீடு பளபளத்தது. அவள் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பாடம் சொன்னாள். என்மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஏரியில் இறங்கினேன். கயிற்றைப் பிடித்தேன். படகு கிளம்பியது. கயிறு போனது, நான் போகவில்லை. மறுபடி முயன்றேன். பாதி ஏரி வயிற்றுக்குள் வந்ததும் என்னைக் கரையேற்றிவிட்டார்கள். மச்சான் செருப்புக் குவியலைக் கைகாட்டினார், அவ்வளவுதான்.

அவமானத்தோடு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கைத்தட்டல். நிமிர்ந்து பார்த்தால், பலகைமேல் என் மனைவி! முழங்காலை மடக்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஜம்மென்று போகிறாள். மச்சானே வாயைப் பிளந்து நின்றார்.

கரைக்கு வந்தவளிடம் கேட்டேன். "நீ எப்படி?"

"நீங்க வீட்டைத் துடைச்சப்போ, நீங்க வேணாம்னு ஒதுக்கின வீடியோவைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "சரி, அந்தக் குவியல்ல என் செருப்பு எது? எடுத்துக் குடுங்க."