இருநூறு கிலோமீட்டரும் ஏழாவது மாடியும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் இடுப்புக்குக் கீழே உள்ளதை மட்டும் இந்த நலத்தில் சேர்க்க வேண்டாம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சைக்கிள் சமாச்சாரத்தை வேறு யாரோ சொல்லி நீங்கள் சிரிப்பதற்கு முன், நானே எழுதிவிடுவது மரியாதை என்பதால் இந்தக் கடிதம்.

நமக்குள் பேச்சு என்ன? இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணத்தை நான் நேரத்துக்குள் முடித்தால், "வயசாயிடுச்சு, எங்களோடவே வந்து இருங்க" என்ற பாட்டை நீங்கள் நிறுத்த வேண்டும். முடிக்காவிட்டால் நாங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு உங்கள் ஏழாவது மாடிக்கு வந்துவிட வேண்டும். முடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பொறுப்பு நானில்லை, நீங்கள்தான்.

"மாமா, முதல் பாதியில அடக்கி ஓட்டுங்க, பேசிக்கிட்டே போற வேகம்தான் சரியான வேகம்" என்று போனில் பெரிய பயிற்சியாளர் மாதிரி சொன்னீர்கள். ஆபீஸில் சுழல் நாற்காலியைத் தவிர வேறெதையும் ஓட்டாத நீங்கள் சொல்ல, முப்பது வருஷம் பஸ் ஓட்டிய நான் கேட்க வேண்டும். சரி, மாப்பிள்ளை பேச்சைத் தட்டக் கூடாதென்று பேசிக்கொண்டேதான் போனேன். கூட யாரும் இல்லாததால் உங்களைத் திட்டிக்கொண்டு போனேன். மூச்சு வாங்காமல் சரளமாக வந்தது, ஆகவே இன்னும் அழுத்தி மிதித்தேன். பஸ்காரனுக்கு ஒரு சட்டம் உண்டு, உங்களுக்குத் தெரியாது: சாலை காலியாக இருக்கும்போதே நேரத்தை மிச்சம் பிடித்துவிட வேண்டும். முன்னால் போனவனையெல்லாம் முந்தினேன். கூடை வைத்த சைக்கிளில் கடைக்குப் போகிற மாதிரி அசைந்து போன ஒரு பல் டாக்டரம்மாவை மணியடித்தே ஓரங்கட்டினேன். "அண்ணே, தண்ணி குடிச்சுக்கோங்க" என்று அந்தம்மா கத்தியது காதில் விழுந்தது. டூட்டியில் தண்ணீர் குடித்தால் வண்டியை எங்கே நிறுத்துவது? பல்லைப் பிடுங்குகிறவங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது.

போய்த் திரும்புகிற பயணம் இது; பாதி வழியில், வந்து சேர்ந்ததற்குச் சாட்சியாக அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். போய் நின்றால் மேஜையைக்கூட விரிக்கவில்லை. முத்திரை போடுகிற அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டே, "திறக்கற நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்க சார், உக்காருங்க" என்றாள். என் சர்வீஸில் இப்படி ஒரு டைம் கீப்பரை நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தேன். எழுந்தபோது கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "வரும்போது காத்து நல்லா பின்னாலேர்ந்து தள்ளியிருக்குமே சார்?" என்று வேறு கேட்டாள். அதுவரைக்கும் என் தொடை தள்ளுதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்.

திரும்பும்போது அதே காத்து நெஞ்சுல கைய வச்சு நிறுத்துது. தொடை பிடிச்சுக்கிச்சு, நாக்கு ஒட்டிக்கிச்சு, உங்களைத் திட்டக்கூட மூச்சில்லை. அடக்கி ஓட்டுங்கன்னா ஏன்னு விளக்கிச் சொல்ல வேணாமா? பஸ் இன்ஜினுக்குத் தொடை பிடிக்காது, உங்களுக்குப் பிடிக்கும் மாமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்? அந்தப் பல் டாக்டரம்மா புறப்பட்ட மாதிரியே அசைஞ்சு அசைஞ்சு வந்து, "கூட வாங்கண்ணே, பேசிக்கிட்டே போயிடலாம்"னாங்க. எனக்குப் பேச்சே வரலை. அவங்க நேரத்துக்குள்ள முடிச்சாங்க. நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போய்ச் சேர்ந்தப்ப பந்தலைப் பிரிச்சிட்டிருந்தாங்க.

ஆகவே, அரைகுறை ஆலோசனையால் வந்த தோல்வி தோல்வியாகாது. அடுத்த வருஷம் உங்கள் யோசனை எதுவும் இல்லாமல், முதல் பாதியை நானாகவே மெதுவாக ஓட்டி முடிப்பேன். அதுவரை இந்த வீட்டை விட்டு நாங்கள் நகர்வதாக இல்லை. உங்கள் அத்தைக்கும் இதே முடிவுதான்.

பேத்திக்கு என் முத்தங்கள், மகளுக்கு என் ஆசி, உங்களுக்கும் மிச்சமிருக்கிற ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போனேன். உங்கள் அத்தை பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன இது என்றேன். "நீங்க எங்க முடிச்சிடுவீங்களோன்னு அன்னிக்குப் பூரா பயந்துக்கிட்டே இருந்தேன்" என்கிறாள். பேத்திக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம் அவளுக்கு. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க எப்பக் கேட்டீங்க?" என்றாள். உங்கள் லிஃப்டில் சைக்கிள் நுழையுமா என்று பார்த்து உடனே எழுதவும்.