கூடத்து விளக்கில் வந்த ஆவி

எங்கள் தெருவில் ஆவி குடியேறியதிலிருந்து கடைசி வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. அந்த வீட்டுக் கூடத்து விளக்கு பேசுகிறதாம். ஒரு முறை சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை சிமிட்டினால் இல்லை. செத்த பிறகு இவ்வளவு சுருக்கமாகப் பேச வருமென்றால் உயிரோடு இருந்தபோதே பழகியிருக்கலாம்.

நடந்தது இதுதான். அந்த வீட்டு விளக்குகளையெல்லாம் கூடத்துச் சுவரில் இருந்த ஒரு பெரிய சுவிட்ச் போர்டுதான் இருபது வருடமாக ஆட்டிவைத்தது. அது மண்டையைப் போட்டது. உதிரி பாகம் எங்கும் கிடைக்கவில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவர் அதைக் கழற்றிவிட்டு, போனிலேயே ஏற்றி அணைக்கிற ஸ்மார்ட் சுவிட்சுகளை மாட்டினார். இதெல்லாம் எங்களுக்கு எங்கே புரியப்போகிறது, பாஸ்வேர்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டு அம்மா பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

மறுவாரமே விளக்குகள் தாமாக எரிந்தன, தாமாக அணைந்தன. அம்மா அலறினார். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, இது கரண்டு கோளாறு இல்லை, வேறு சமாச்சாரம் என்று ஒரு சாமியாரைக் கூட்டிவந்தார். தான் வாசலில் உட்கார்ந்து தியானம் செய்வதாகவும் சொன்னார். அடடா, என்ன பக்தி!

சாமியார் விளக்கைக் கேட்டார். வீட்டில் தோஷம் உண்டா? ஒரு சிமிட்டல். வெளியிலிருந்து வந்ததா? ஒரு சிமிட்டல். மருமகள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போதாதா? கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமையோடு அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும், திரும்ப அழைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. புருஷன்காரன் தரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தான்.

மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். முடிவில் சந்தேகம் வந்தால், ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி சோதிப்பது அவள் தொழில். ஞாயிறு காலை சூட்கேஸோடு கூட்டத்தின் நடுவே வந்தாள்.

"போறதுக்கு முன்னாடி நானும் ஒண்ணு கேக்கணும் அத்தை."

சாமியார் தாராளமாகத் தலையாட்டினார். அவள் நேரே டிவிக்குப் பின்னால் போய் வைஃபை மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு விளக்கைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் இந்த வீட்ல இருக்கலாமா?"

விளக்கு சிமிட்டாமல் எரிந்தபடியே இருந்தது. சாமியார் கண்ணை மூடினார், முனகினார், வியர்த்தார். அதே கேள்வியை அவரும் அதட்டிக் கேட்டுப் பார்த்தார். ம்ஹூம். வாசலில் தியானத்தில் இருந்த எலக்ட்ரீஷியன்தான் பொறுமையிழந்தார். துண்டுக்குள் மறைத்திருந்த போனைத் தட்டிக்கொண்டே உள்ளே எட்டிச் சாமியாரைப் பார்த்தார்.

"மச்சான், நெட் போயிடுச்சு. கொஞ்சம் பேச்சை இழு."

வைஃபை இல்லாவிட்டால் ஆவிக்கு வாய் வராது என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. மச்சான்கள் இருவரும் செருப்பைக்கூடத் தேடாமல் ஓட்டம் பிடித்தார்கள்.

அதோடு முடிந்ததா? நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? பக்கத்து வீட்டுக்காரர் மருமகளைக் கையெடுத்துக் கும்பிட்டு, அவளுக்குள்தான் ஏதோ சக்தி இருக்கிறது என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மாமியார் மெல்ல வந்து சூட்கேஸை உள்ளே எடுத்துப்போகக் குனிந்தார். மருமகள் கைப்பிடியை விடவில்லை.

"அந்தப் பிளக்கைப் பிடுங்கிப் பாக்க அரை நிமிஷம்கூட ஆகலை அத்தை. என்னை அனுப்புறதுக்கு முன்னாடி அந்த அரை நிமிஷம் யோசிச்சிருக்கலாமே. காசா பணமா?"

மாமியார் சூட்கேஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் கும்பிட்ட கையை இன்னும் இறக்காமல் நிற்கிறார். அந்த அரை நிமிஷம் உங்களிடம் இருக்கிறதா?