காலைக்கு ஒரு சூரியன்

மாலை ஐந்து நாற்பது. வளைகுடா நாட்டு முசஃபாவில் ஒரு மருந்துக்கடையின் கவுண்டர்மேல் ஒரு மாத்திரைப் பெட்டி வந்து விழுந்தது.

"என்னய்யா இது?" என்றார் வெல்டர் ஐயப்பன்.

பெட்டியில், கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் சுஜந்தன் பேனாவால் வரைந்த சூரியன். "காலமை ஒண்டு போடவேணும் அண்ணை. அதுக்குத்தான்."

"மருந்துப் பெட்டியில சின்னத்தப் போட்டு ஓட்டுக் கேக்குறியா? எங்க கேம்ப்ல பாதிப் பேரு அந்தக் கட்சி கெடையாது, தெரியும்ல?"

தமிழ்நாட்டில் தேர்தல் அறிவித்து நான்கு நாளாகியிருந்தது. யாழ்ப்பாணத்துச் சுஜந்தனுக்கு அது உறைக்கவில்லை. படம் போடுவது, தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் பொன்னுச்சாமிக்காகத் தொடங்கிய வழக்கம். "படிக்கத் தெரியாது தம்பி, படமாப் போட்டுக் குடு" என்று அவர்தான் கேட்டார். வரைந்து முடியும்வரை கவுண்டரில் சாய்ந்துகொண்டு மகளின் காதுகுத்து, ஃபோர்மேனின் குறட்டை என்று பேசிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் மாத்திரையின் பெயரைச் சொல்வார்கள், வாங்குவார்கள், போவார்கள். அறையிலோ சுஜந்தன் ஒருவன்தான்.

சூரியனை விட்டான். சாப்பிட்டபின் இரண்டு வேளை என்பதற்கு இரண்டு வாழையிலை வரைந்தான்.

மறுநாள் டிரைவர் அருள்ராஜ் வந்தார். "ஒரே நாள்ல கட்சி மாறிட்டியேப்பா! நீ பெரிய ஆளுதான்."

"ஐயோ, அது சாப்பாட்டு இலை அண்ணை!"

"எங்களுக்கே இலை போடுறியா?"

இலையையும் விட்டான். ஐந்து நாள் மருந்துக்கு, விரல் விரித்த கை ஒன்று போட்டான்.

"கூட்டணியா தலைவரே?" ஐயப்பனும் அருள்ராஜும் சேர்ந்தே வந்து கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கடை வாசலில் இருபது பேர் நின்று சண்டை போட்டார்கள். நடுவில் 'தலைவர்' சுஜந்தனைப் பேசச் சொன்னார்கள். மகன் அங்கே அப்போதிக்கரி, நோய்க்கு மருந்து கொடுக்கிறான் என்று ஊரில் அம்மா அயலெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவன் அரசியலில் இறங்கியது அவளுக்குத் தெரியாது. சுஜந்தன் கவுண்டருக்குப் பின்னால் பெட்டிகளை அடுக்கினான். ஆனால் இத்தனை பேர் அவனைத் தேடி வந்தது அதுவே முதல் தடவை.

மேலாளர் கௌஸ் முகம்மதும் வந்தார். "இங்க அரசியல் மாஃபி, கெடையவே கெடையாது. இன்னொரு படம் வரைஞ்சே, ஃபிளைட் ஏத்திருவேன்."

அச்சடித்த ஸ்டிக்கர்கள் வந்தன. தமிழிலும் இருந்தன. எல்லோரும் படித்துப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். கடையில் ஏசியின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

ஸ்டிக்கர் வந்த எட்டாம் நாள் பொன்னுச்சாமி வந்தார். சுஜந்தன் ஸ்டிக்கரை ஒட்டினான்.

"இனி படம் போட ஏலாது அண்ணை. நான் வாசிச்சுக் காட்டுறன், ஞாபகம் வச்சிருங்கோ."

பொன்னுச்சாமி பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"'தினம் இருமுரை.' தப்பு தம்பி. பெரிய 'ற' போடணும்."

"வாசிக்கத் தெரியாது எண்டு சொன்னனீங்கள்?"

அவர் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்தார். நகரவில்லை.

"இனிமே என்ன சொல்லி தம்பி நான் இங்க நிக்கிறது?"