நொரநாட்டியத்துக்கு நான் சொன்ன அர்த்தம்

நாகமலை புதுக்கோட்டை,
ஈஸ்வர வருஷம், தை 28.

அன்புள்ள மைத்துனன் விருமாண்டிக்கு உக்கிரபாண்டி ஆசி கூறி எழுதியது. மீனாட்சி கிருபையால் இங்கே உன் அக்காள் சுகம், பிள்ளைகள் சுகம், மாடுகளும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. காரணம் நீ.

என் மகள் அன்னக்கொடிக்குப் பரவையில் நல்ல இடம் இருக்கிறது என்று சொன்னவன் நீ. பையன் காளை தங்கமானவன் என்றாய், மறுக்கவில்லை. அவன் அப்பா பேச்சிமுத்து எட்டு வயதில் ரங்கூன் போய், போன வருஷம்தான் திரும்பியவர் என்றாய். எப்படிப்பட்டவர் என்று ஏன் சொல்லவில்லை? பெண் பார்க்க வந்த மனுஷன் பாயை உதறச் சொன்னார், உதறினோம். ஓரத்தில் ஒரு கோரை முறிந்திருக்கிறது என்று வேறு பாய் கேட்டார். தண்ணீரில் செம்பு வாடை என்றார், பித்தளையில் கொடுத்தால் பித்தளை வாடை என்றார். மோரில் கறிவேப்பிலையை நீளமாகக் கிள்ளிவிட்டார்களாம். குழம்பு வைத்தால், அடித்தது சேவலா வெடைக்கோழியா, என்ன நிறம் என்று விசாரணை. அடுப்படியிலிருந்த உன் அக்காளுக்குப் பொறுமை போய், தெருவுக்கே கேட்கும்படி, "இம்புட்டு நொரநாட்டியம் பிடிச்ச மனுசன் வீட்டுல எம்மக எப்பிடிப் பொழைப்பா?" என்றாள்.

பேச்சிமுத்து என்னைப் பார்த்து, "நொரநாட்டியம்னா என்னண்ணே? ரங்கூன்ல நான் கேட்டதில்லையே" என்றார். அன்னக்கொடியோ கதவோரம் கண் கலங்கி நிற்கிறாள். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. நான் என்ன செய்ய? எதையும் நுணுக்கமாகப் பார்த்து எடுக்கிறவரை எங்கள் பக்கம் மரியாதையாக அப்படிச் சொல்வோம் என்று சொல்லிவைத்தேன். மனுஷன் குளிர்ந்துபோய் இரண்டாம் தடவை சோறு வாங்கினார். கல்யாணமும் நிச்சயமாயிற்று.

அதோடு விட்டாரா? பரவைச் சந்தையில் வெங்காயக்காரனிடம், தனக்கு நொரநாட்டியம் அதிகம், பார்த்துப் போடு என்றிருக்கிறார். அவனும் "அது தெரிஞ்ச சங்கதிதாண்ணே" என்றானாம். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் 'நொரநாட்டியம்' என்று பட்டம் போட்டு, டவுனில் உனக்குப் பழக்கமான அச்சாபீஸில் கொடுத்துவிட்டார். ஐந்நூறு பத்திரிகை மாப்ள. ஊர் சிரித்து அர்த்தம் தெரிந்தாலும் கல்யாணம் நிற்கும், நானே போய்ச் சொன்னாலும் நிற்கும். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கடிதம் கண்டதும் பழங்காநத்தத்திலிருந்து வண்டி பிடித்து ஓடி, அந்த ஒரு வார்த்தையை எடுக்கச் செய். இல்லையென்றால் என் வாசலை மிதிக்காதே.

மற்றபடி உன் வீட்டில் எல்லாருக்கும் என் ஆசீர்வாதம். உனக்குப் பாதி மட்டும்.

இப்படிக்கு,
உக்கிரபாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பேச்சிமுத்துவே வண்டியில் வந்து இறங்கினார். அச்சுக் கோக்கிறவர் அர்த்தத்தைச் சொல்லிவிட்டாராம். அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "காளையோட ஆத்தாளும் இப்பிடித்தான், அடுப்புக்கிட்ட இருந்தே என்னைய வைவா. அவ போனதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் சொல்றதில்லண்ணே" என்றார். கல்யாணம் உண்டு. நீ எங்கும் ஓட வேண்டாம். இந்தக் கடிதத்தையும் வாங்கிப் படித்தார். தன்னைப் பற்றி எழுதியதெல்லாம் சரிதானாம், வரிகள்தான் வலப்பக்கம் சரிகின்றனவாம். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி எழுத வைத்தார். உன் கையில் இருப்பது மூன்றாவது பிரதி.