தம்பிக்குச் சீதன வீடு பார்க்கப் போனேன்

எனக்குப் பெருமை கொஞ்சம் கூட. மற்றவர்கள் அதை ஒளித்து வைத்திருப்பார்கள், நான் வாசலிலேயே வைத்திருக்கிறேன். நிந்தவூரில் கணிதம் படிப்பிக்கிற டீச்சர், வீட்டில் மூத்தவள், அதற்கும் மேலே கொழும்பில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தவள். (விடுதியிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து விடுதிக்கும் பஸ்ஸில் ஏற்றி இறக்கினார்கள். வேறு ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.) அந்தப் பெருமையால் என் தம்பியின் கல்யாணம் ஒரே காலையில் முறியப் பார்த்தது.

தம்பிக்குக் கொழும்பில் வங்கி வேலை. எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்க் குடியேறிய ஒரு குடும்பத்துப் பெண்ணைப் பேசி வந்தார்கள். தரகர் வீட்டில் ஒருமுறை பார்த்ததோடு பையன் விழுந்துவிட்டான். கட்டினால் இவளைத்தான், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றான். ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன். அதனால் பெண்ணுக்குக் கொடுக்கிற வீட்டை மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பார்க்க வேண்டும். சுவரைத் தட்டி, குழாயைத் திறந்து, குசினிப் புகை எங்கே போகிறது என்றுகூடப் பார்ப்பார்கள்.

“எனக்குப் பொண்ணப் புடிச்சிரிக்கி ராத்தா. வீட்ட என்னத்துக்குப் பார்க்கிற?” என்றான் தம்பி.

“நீ பொண்ணப் பாரு. வீட்ட நான் பார்க்கிறன்,” என்றேன்.

உம்மாவும் நானும் இரவு பஸ் ஏறினோம். மடியில் ஆளுக்கொரு சட்டி எருமைத் தயிர். விடிய இறங்கி, தம்பியின் அறையில் முகம் கழுவி, ஒன்பது மணிக்குமேல் அவனையும் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். தரகர் சொன்ன அடையாளம் இதுதான்: பள்ளிவாசலுக்கு எதிரே பிரிகிற ஒழுங்கை, வாசலில் மரம், முன்னால் வெள்ளைத் தூண், பழைய காலத்து வீடு.

“போன் எடுத்துக் கேப்பமா?” என்றான் தம்பி.

“கேட்டா நமக்குக் கொழும்பு தெரியாதெண்டு நினைப்பாங்க. சும்மா இரி. அந்தா தூண்!”

தூண் என்றால் தூண். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. ஆட்டோ பக்கவாசலில் நின்றது, திறந்து கிடந்த கதவால் உள்ளே போனோம். (பெயர்ப்பலகை முன்வாசலில் இருந்ததாம். அன்றைக்குக் கட்டணம் இல்லாத நாளாம். விதி வந்தால் இப்படித்தான் வரிசையாக வரும்.)

வெள்ளைச் சட்டை போட்ட வயதான ஒருவர் ஓடி வந்தார். “வாங்க மெடம், உள்ள வந்து பாருங்க,” என்றார். வரவேற்க ஆள் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“வீட்டாக்களக் காணல்லியே?” என்று உம்மா என் காதில் கேட்டா.

“பெரிய இடத்தில இப்பிடித்தான் உம்மா. முதல்ல வீட்டக் காட்டுவாங்க, மறுகாதான் ஆக்கள் வருவாங்க.”

எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா!

மண்டபத்தில் முகம் தெரிகிற மாதிரி மினுக்கிய கருங்காலி மேசை. அதில் தயிர்ச்சட்டியை வைத்தேன். அவர் பதறிவிட்டார். “மெடம், அதில ஒண்டும் வைக்கப்படாது!” எங்கள் தயிர் இவர்களுக்கு ஆகாதா என்று எனக்குச் சுருக்கென்றது. தம்பிக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

சுவரில் துருக்கித் தொப்பி போட்ட ஒரு பெரியவரின் படம். “பொண்ணுட வாப்பாட வாப்பா போல,” என்றா உம்மா. “மூக்கப் பாரு, பரம்பரை மூக்கு,” என்றேன் நான்.

அடுத்த அறையில் நாலு கால் கட்டில், அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. கல்யாணக் கட்டில், புழுதி படாமல் காவல் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று உம்மாவுக்கு விளக்கம் சொன்னேன். கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தேன். தும்பு மெத்தை, ஒரு பக்கம் பள்ளம்.

“மெடம்! தொடப்படாது!”

“தொடாம எப்பிடி வாங்குற?” என்றேன். அந்த மனுஷன் கயிற்றைத் தூக்கிப் பிடித்து என்னை வெளியே வரச் சொன்னார்.

குசினியில் விறகடுப்பு மட்டும்தான். “கேஸ் அடுப்பு இல்லியா?”

“இல்ல மெடம். அந்தக் காலத்தில எப்பிடி இருந்திச்சோ அப்பிடியே வச்சிரிக்கம்.”

“அப்ப என்ட தம்பி காலையில ஒரு பிளேன்ரி குடிக்கிறெண்டாலும் விறகு கொத்தணுமா?”

தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். “ராத்தா, இது என்னவோ சரியில்ல. நான் முன்னுக்குப் போய்ப் பார்த்திட்டு வாறன்,” என்று போனான். நான் பெரிய கேள்விக்கு வந்தேன்.

“சரி, வீட்டுட உறுதி ஆர்ர பேரில இரிக்கி?”

“அரசாங்கத்துட பேரில, மெடம்.”

காணி உறுதிப் பத்திரம் இல்லாமல் எங்கள் பக்கத்து ஆட்கள் அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். தலைக்கு ஏறிவிட்டது. “அரசாங்கக் காணியில வீட்டக் கட்டிப்போட்டு எங்கட புள்ளைய ஏமாத்தப் பாக்கிறீங்களா? வீட்டுக்காரரக் கூப்பிடுங்க! உறுதி இல்லாட்டி இந்தச் சம்பந்தம் வேணாம்!”

“வீட்டுக்காரர் மௌத்தாகி எவ்வளவோ காலம், மெடம்!”

“இன்னாலில்லாஹி!” என்றா உம்மா. “நமக்கு ஒருத்தரும் சொல்லல்லியே!”

அப்போது தம்பி திரும்பி வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. பின்னால் தொப்பியும் சாரமுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர். எங்களைத் தேடி ஒழுங்கைக்கு வந்த பெண்ணின் வாப்பா. ‘இந்தச் சம்பந்தம் வேணாம்’ என்று நான் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கிறது.

“ராத்தா,” என்றான் தம்பி. “இது மியூசியம்.”

அடுத்த ஒழுங்கையில்தான் அவர்கள் வீடு. அங்கேயும் வெள்ளைத் தூண் இருந்தது, என் கை மொத்தத்தில் இரண்டு. கீழே கடை, மேலே இரண்டு அறை. எங்களுக்காகச் சமைத்த சோறு மணத்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னாலேயே அந்த மனிதர் அலுமாரியைத் திறந்து ஒரு மஞ்சள் உறையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். 

“உறுதி கேட்டிங்களாமே மகள். எங்களுக்கு இருக்கிறது இந்த ரெண்டு அறைதான். எங்கட மகளுக்கு எழுதிக் குடுத்திட்டு நாங்க வாடகைக்குப் போவம்.”

அல்லாஹ்வே! நிலம் வெடித்து என்னை உள்ளே இழுக்காதா என்றிருந்தது. மெத்தை அமுக்கிய கை இன்னும் தும்பு நாறியது.

தம்பி அந்த உறையை எடுத்தான். திறக்கவில்லை. இரண்டு கையாலும் அவரிடமே கொடுத்தான்.

“மாமா, இத உள்ள வைங்க. நீங்க இந்த வீட்டிலயே இரிங்க. எனக்கு உங்கட மகளத் தந்தாப் போதும், வீடு நான் கட்டுவன். ராத்தா வீடு பார்த்த பார்வை ஏழு தலைமுறைக்குக் காணும்.”

உள் அறையில் ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தாள். நான் பார்க்கப் போன எதையும்விட அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. உம்மா அழுதுகொண்டே சொன்னா: “ஓம், எங்களுக்கு வீடு வேணாம்.” என் பெருமையெல்லாம் அன்று உடைந்தது உண்மை. ஆனால் என் தம்பியைப் பார்த்து எனக்கு வந்த பெருமை அதைவிடப் பெரியது. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான்தானே!

சொன்னபடி கட்டினான். வேலை மாற்றம் எடுத்து ஊருக்கு வந்து, கடன்பட்டு, கல்லோடு கல்லாக நின்று கட்டினான். குடிபோகிற அன்று தயிர்ச்சட்டியோடு நான்தான் முதல் ஆள். உள்ளே போனால், புதுக் கட்டிலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு! மச்சான்மார், பிள்ளைகள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

“தொடப்படாது மெடம்,” என்றாள் தம்பி மனைவி.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யார் வீட்டுக்கு நான் போனாலும், சலாத்துக்குப் பதில் சொன்ன கையோடு கேஸ் அடுப்பைத்தான் காட்டுவார்கள். அதற்கெல்லாம் நான் கூசுகிறவள் இல்லை. அன்றும் சட்டியை மேசையில் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக் கேட்டேன்.

“அதெல்லாம் இரிக்கட்டும். உறுதி ஆர்ர பேரில?”

அவள் சிரிப்பை நிறுத்தித் தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“என்ட பேரில, மதினி.”